பனிக்காலத்தில் ஒரு நூலகம் என்ன செய்ய வேண்டும்?

திருவண்ணாமலைக்குப் பனிக்காலம் என்பது கூட்டத்தின் காலம். கொடியேற்றத்துடன் தொடங்கும் பத்து நாள் கார்த்திகை தீபத் திருவிழா, 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றப்பட்டுப் 11 நாள்கள் எரியும் மகா தீபம், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம், டிசம்பர் இறுதியை ஒட்டி வரும் ரமணர் ஜயந்தி, வெளிநாட்டுப் பயணிகளின் வருகை, பொங்கல் விடுமுறை என்று நவம்பரில் தொடங்கும் நெரிசல் ஜனவரி முடியும்வரை ஓய்வதில்லை. பேருந்து, குடிநீர், கழிப்பிடம், பாதுகாப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அரசு இயந்திரம் பல வாரங்களுக்கு முன்பே கூடித் திட்டமிடுகிறது. வருபவர்களுக்காக ஊர் இவ்வளவு செய்கிறது. இந்த மூன்று மாதங்களில் ஊரிலேயே இருப்பவர்களுக்காக, குறிப்பாக அவர்களுடைய பிள்ளைகளுக்காக என்ன நடக்கிறது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று பொது நூலகம்.

தற்செயலாக, நூலகங்களின் நாள்காட்டியும் இதே பருவத்தில்தான் நிறைகிறது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. டிசம்பர் இறுதியில் அரையாண்டுத் தேர்வு விடுமுறை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியும் அதையொட்டி வெளிவரும் புதிய நூல்களும். ஆனால், ஊரின் நாள்காட்டியும் நூலகத்தின் நாள்காட்டியும் ஒன்றையொன்று அறியாமலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023இல் தீபத் திருவிழாக் கொடியேற்றம் நவம்பர் 17. மகா தீபம் நவம்பர் 26. நூலக வாரத்தின் பிற்பாதி முழுவதும் திருவிழாவுக்குள் விழுந்தது. 2024இல் நூலக வாரத்தின் இரண்டாம் நாளே பௌர்ணமி. ஊரே சாலையில் இருக்கும் நாளில் அரங்கத்துக்குள் நடக்கும் ஒரு விழாவுக்கு யார் வருவார்கள் என்ற எளிய கேள்வியிலிருந்துதான் ஒரு கோயில் நகரத்தின் நூலக நிகழ்ச்சிகளைப் பற்றிய சிந்தனை தொடங்க வேண்டும்.

நூலக வாரம் வந்த வழி

நூலக வாரம் நவம்பர் 14இல் தொடங்குவதைப் பலரும் நேருவின் பிறந்த நாளோடும் குழந்தைகள் நாளோடும் மட்டுமே இணைத்துப் பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய ஒரு வரலாறும் உண்டு. 1919 நவம்பர் 14 அன்று சென்னையில் அகில இந்தியப் பொது நூலக மாநாடு கூடியது. ஆந்திரத்தின் நூலக இயக்க முன்னோடியான அய்யங்கி வெங்கட ரமணய்யா அதற்காக உழைத்தவர். 1968 முதல் இந்த நாளில் தொடங்கி ஒரு வாரம் நூலக வாரமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆக, இந்த விழாவின் வேர் தமிழ்நாட்டின் தலைநகரில்தான் இருக்கிறது.

அதற்கு அடுத்த கட்டமும் இங்கேதான் நிகழ்ந்தது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகவியலுக்கு உலக அளவில் இலக்கணம் வகுத்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் ஊக்கத்தால், 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் புறப்பட்டது. வாசகர் வரட்டும் என்று காத்திராமல், மழைக்காலத் தொடக்கத்தில் கிராமத்துப் பாதைகளில் நூல்கள் வாசகரைத் தேடிச் சென்றன. அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலக விதிகள் ஐந்தின் சாரம், நூல்கள் பயன்படுவதற்கானவை என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலையும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரையும் சேர்த்துவைப்பது நூலகத்தின் பொறுப்பு என்பதும்தான். நூலக நிகழ்ச்சி என்பதன் முழுப் பொருளும் இதற்குள் அடங்கிவிடுகிறது. கதை சொல்வதோ, கருத்தரங்கமோ, கண்காட்சியோ, எதுவாயினும் அலமாரியில் கிடக்கும் ஒரு நூலை அதற்கான ஒருவரின் கையில் சேர்க்கவில்லை என்றால், அது நூலகக் கட்டடத்துக்குள் நடந்த வேறு ஏதோ ஒரு நிகழ்ச்சியே.

நாம் செலுத்தும் வரி

நூலகம் என்பது அரசு இலவசமாகத் தரும் சலுகை என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. உண்மை வேறு. 1948இல் இயற்றப்பட்டு 1950இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பொது நூலகங்கள் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். அன்றைய கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் காலத்தில் வந்த இச்சட்டத்தின் உயிர்நாடி, நூலக வரி. இன்று சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு என்ற விகிதத்தில் இது வசூலிக்கப்படுகிறது. 2,000 ரூபாய் சொத்து வரி செலுத்தும் ஒரு வீட்டுக்காரர் 200 ரூபாய் நூலக வரி செலுத்துகிறார். அந்த வீட்டில் குடியிருப்பவரும் வாடகை வழியாக அதில் ஒரு பங்கைச் சுமக்கிறார். உள்ளாட்சி அமைப்பு வசூலிக்கும் இத்தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சென்றடைய வேண்டும். அது உரிய காலத்தில் போய்ச் சேருவதில்லை என்பது தமிழ்நாடு முழுவதும் நூலகத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை.

மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று மாநிலம் முழுவதும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இந்த ஏற்பாட்டில் இயங்குகின்றன. எனவே, ஒரு கிளை நூலகத்தில் பனிக்கால நிகழ்ச்சிகள் வேண்டும் என்று கேட்பது தருமம் கேட்பதாகாது. செலுத்திய வரிக்குக் கணக்குக் கேட்பதாகும். கேட்பதற்கு முன், நூலகத்துக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எந்தச் சிற்றூர் நூலகத்துக்குள் நுழைந்தாலும் இரண்டு கூட்டங்களைக் காணலாம். ஒன்று, காலையில் நாளிதழ் படிக்க வரும் முதியவர்கள். மற்றொன்று, போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். இருவருமே நூலகத்துக்கு வேண்டியவர்கள்தான். அரசு வேலைக்குப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அமைதியான மேசையும் மின்விசிறியும் தரும் இடம் ஊரில் வேறில்லை. ஆனால், இவர்களில் பெரும்பாலோர் அலமாரியைத் தொடுவதில்லை. நாளிதழ் மேசையில் கிடக்கிறது. தேர்வு நூலை இளைஞர் தாமே கொண்டுவருகிறார். பள்ளிச் சிறுவர்களும் இல்லத்தரசிகளும் கடைத்தெருவில் உழைப்பவர்களும் அங்கே அரிதாகத்தான் தென்படுகிறார்கள். வாராதவர்களை வரவழைப்பதற்கு நூலகத்திடம் உள்ள ஒரே கருவி நிகழ்ச்சிதான்.

விழா முடிந்த மறுநாள்

நூலக வார விழா பல ஊர்களில் எப்படி நடக்கிறது என்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தலைமையுரை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரைகள், சிறப்புரை. பொன்னாடைகள். சீருடையில் அழைத்துவரப்பட்ட மாணவர்கள் இரண்டு மணி நேரம் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டிப் பரிசுகள் வழங்கப்படுகின்றன; பரிசு சில இடங்களில் நூலாகவும் பல இடங்களில் பாத்திரமாகவும் இருக்கிறது. 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேர்ந்தவர்கள் மேடையில் பாராட்டப்படுகிறார்கள். நன்றியுரையோடு விழா நிறைவுறுகிறது. நூலகத்தில் இருந்த ஒரு நூலையாவது அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் திறந்து படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

இதில் யாருடைய நேர்மையையும் குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலான கிளை நூலகங்களில் நூல் வழங்குதல், பதிவேடு, கணக்கு, தூசு தட்டுதல் ஆகிய அனைத்தையும் ஓரிருவரே செய்கிறார்கள். அவர்கள் விழாவையும் நடத்துகிறார்கள் என்பதே பெரிய செய்தி. குறை, நிகழ்ச்சியை அளக்கும் அளவுகோலில் இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், எந்த முக்கியப் பிரமுகர் வந்தார், படம் நாளிதழில் வந்ததா என்பவையே இன்று அளவுகோல்கள். இவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியை வைக்கலாம்: விழா முடிந்த மறுநாள் நூல் வழங்கும் பதிவேட்டில் எத்தனை புதிய பெயர்கள் ஏறின? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால், நிகழ்ச்சியின் வடிவமே மாறிவிடும். உறுப்பினர் படிவம் அரங்க வாயிலிலேயே இருக்கும். உறுப்பினராவதற்கான காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் மிகச் சிறியவை. கொடுக்க இயலாத பிள்ளைகளுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் செலுத்திவிடலாம். பேசப்படும் நூலின் படிகள் மேசையில் அடுக்கப்பட்டிருக்கும். கேட்டவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

நமக்கான பனிக்காலம் எது?

பனிக்கால நூலக நிகழ்ச்சி என்ற எண்ணம் மேலை நாடுகளில் வேறு தேவையிலிருந்து பிறந்தது. அங்கே குளிர் மனிதரை வீட்டுக்குள் அடைக்கிறது, தனிமை கூடுகிறது. 2022ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் எரிபொருள் விலை கடுமையாக உயர்ந்தபோது, பிரிட்டனில் பல பொது நூலகங்கள், வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள வசதியற்றவர்கள் வந்து அமரும் இடங்களாகத் தம்மைத் திறந்துவைத்தன. தேநீரும் வெப்பமும் தேடி வந்தவர்களுக்கு அங்கே உரையாடலும் நூலும் கிடைத்தன. அந்த ஊர் மக்களின் அந்தப் பருவத்துத் தேவை எது என்று நூலகம் கேட்டதால் நிகழ்ந்தது அது. அவர்கள் தந்த விடையை நாம் எடுத்தாள முடியாது. அவர்கள் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்.

பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும், மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் பகுத்தார்கள். நம் பனிக்காலம் இவ்விரண்டின் சேர்க்கை: முதல் பாதி மழை, பின் பாதி பனி. இரண்டும் திருவண்ணாமலையில் இரு வேறு தேவைகளை உண்டாக்குகின்றன.

மழையும் மலையும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வீட்டை மூடியதில், குழந்தைகள் உள்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு தீபத்துக்கு முன் புவியியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தனர். பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. ஊரே தினமும் தலை நிமிர்ந்து பார்க்கும் மலை. அதன் பாறை எத்தகையது, நீர் அதற்குள் எப்படி இறங்குகிறது, மேல் மண் எப்போது நழுவுகிறது என்பதை ஊர் மக்களுக்கு அமைதியாக உட்கார்ந்து சொல்லும் இடம் எது?

கூதிர்க் காலத்துக்கு முன்பாக, அதாவது புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, ஒரு மாலை இதற்காக ஒதுக்கப்பட வேண்டும். அரசுக் கல்லூரியின் புவியியல் ஆசிரியர் ஒருவர், தீயணைப்புத் துறையினர் ஒருவர், மலையடிவாரத்தில் நெடுநாள் வாழ்ந்த ஒரு மூதாட்டி ஆகிய மூவர் போதும். சரிவில் புதிய வெடிப்பு தோன்றுவது, மரங்களும் கம்பங்களும் சாய்வது, ஊற்று நீர் திடீரெனக் கலங்கி வருவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் மழை நிற்கட்டும் என்று காத்திராமல் வெளியேற வேண்டும். இதைத் தொலைக்காட்சி விபத்துக்குப் பின் சொல்கிறது. நூலகம் விபத்துக்கு முன் சொல்லலாம். மழை, நிலவியல், ஏரிகள் பற்றிய தமிழ் நூல்களை அன்று மேசையில் பரப்பி வைத்தால், கேட்டது அன்றோடு முடிந்துபோகாது.

திருவிழா நாள்களின் பிள்ளைகள்

தீபத் திருவிழாவின்போது மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. பாதுகாப்புப் பணிக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வரும் காவலர்கள் தங்குவதற்காகப் பள்ளிக் கட்டடங்கள் எடுத்துக்கொள்ளப்படுவதால், நகரில் பல பள்ளிகளுக்குக் கூடுதல் நாள்கள் விடுமுறை கிடைக்கிறது. இந்த நாள்களில்தான் பூ, தேங்காய், அகல் விளக்கு, பொரி விற்கும் குடும்பங்களுக்கு ஆண்டின் முக்கிய வருமானம். பெற்றோர் கடையில், பிள்ளைகள் கடைக்கடியிலோ சாலையோரத்திலோ. கூட்டம் மிகுந்த தெருவில் ஒரு குழந்தை கழிக்கும் பத்து மணி நேரம் அந்தக் குடும்பத்தின் தீராத கவலை.

நூலக வார விழாவின் தேதியை மாற்ற முடியாது. ஆனால், அதன் சாரத்தைத் திருவிழா நாள்களுக்கு நீட்டலாம். நெரிசல் மிகுந்த மாட வீதிகளைத் தவிர்த்து, அவற்றுக்கு வெளியே உள்ள கிளை, ஊர்ப்புற நூலகங்களில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கதை நேரம் வைக்கலாம். இதற்கு மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். முப்பது பிள்ளைகள், ஒரு பாய், நல்ல குரலில் படிக்கத் தெரிந்த ஒருவர், கொஞ்சம் சுண்டல் போதும். கதையை முக்கால் பங்கு படித்துவிட்டு, மீதியை நூலில் படித்துக்கொள்ளச் சொல்வது பழைய ஆசிரியர்களின் உத்தி. அது இன்றும் பலிக்கும்.

நேரம் குறித்தும் ஒரு சொல். நவம்பர், டிசம்பரில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. ஆறு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்குச் சிறுமிகளும் பெண்களும் வரமாட்டார்கள். வந்தாலும் பாதியில் எழுந்துவிடுவார்கள். பெண்களின் வருகை குறைவு என்று வருந்தும் அமைப்பாளர்கள் முதலில் அழைப்பிதழில் உள்ள நேரத்தைப் பார்க்க வேண்டும்.

மாடியில் ஒரு வானம்

முன்பனிக்கு வருவோம். தமிழ் மாதங்களில் பெரும்பாலானவற்றின் பெயர், அந்த மாதத்துப் பௌர்ணமியன்று நிலவு எந்த விண்மீனையொட்டி நிற்கிறதோ அதிலிருந்து வந்தது. கார்த்திகை தீபத்தன்று முழுநிலவு கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகே நிற்கும். பழந்தமிழர் அறுமீன் என்று அழைத்ததும், இன்றைய வானியலில் பிளையடீஸ் எனப்படுவதும், ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதுமான இந்தக் கொத்து, ஆண்டின் இந்தப் பருவத்தில் சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் இருப்பதால் அந்தி நேரத்தில் கிழக்கே எழுந்து இரவு முழுவதும் தெரிகிறது. இலட்சக்கணக்கானோர் மலையை நோக்கிக் கைகூப்பும் அதே வேளையில், அந்தத் திருவிழாவுக்குப் பெயர் தந்த விண்மீன்கள் அவர்களுக்கு மேலே நின்றுகொண்டிருக்கின்றன. முழுநிலவின் வெளிச்சத்தில் அவை மங்கிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

தீபத்துக்கு ஐந்தாறு நாள்கள் கழித்து நிலவு வெகு நேரம் சென்றே எழும். மலையில் தீபம் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். மேகம் விலகிய ஒரு மாலையில் நூலகத்தின் மொட்டை மாடியில் பிள்ளைகளைக் கூட்டி, வெறுங்கண்ணால் எத்தனை மீன்களை எண்ண முடிகிறது என்று கேட்கலாம். ஆறா, ஏழா என்பது நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கு. ரோகிணியையும் செந்நிறத் திருவாதிரையையும் காட்டலாம். இதே ஜவ்வாது மலைத் தொடரில், அண்டை மாவட்டமான திருப்பத்தூரின் காவலூரில், 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதைச் சொல்லலாம். இருட்டில் நடக்கும் நிகழ்ச்சி என்பதால் பிள்ளைகள் பெற்றோருடன் வருவதே முறை. அதனால் நூலகத்துக்கு இன்னொரு தலைமுறையும் அறிமுகமாகும். மறுநாள் வானியல் நூல்களைக் கேட்டு ஒரு சிறுமியாவது வருவாள்.

போகியன்று ஒரு வேலை

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து மார்கழியின் கடைசி நாளில் போகி வருகிறது. பழையன கழிக்கும் நாளில் வீடுகளிலிருந்து வெளியேறுபவற்றுள் நூல்களும் உண்டு. தாத்தா படித்த தொடர்கதைக் கட்டு, பிள்ளைகள் கடந்துவிட்ட கதைப் புத்தகங்கள், யாரோ அச்சிட்ட ஊர் வரலாற்றுச் சிறு வெளியீடு ஆகியவை பழைய காகிதக் கடையில் எடை போடப்படுகின்றன அல்லது தீக்கு இரையாகின்றன. மூன்று மாத ஈரத்தில் நூலகத்தின் நூல்களும் பூசணம் பிடித்து, கட்டு விட்டு நிற்கும் நேரம் அது.

போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை நூல் செப்பனிடும் நாளாக அறிவிக்கலாம். வெயில் ஏறியதும் நூல்களைத் தூசு தட்டிக் காற்றாட விரித்துவைப்பது, பிரிந்த தாள்களைத் தைப்பது, அட்டை ஒட்டுவது ஆகியவற்றை ஊரிலுள்ள புத்தகக் கட்டுநர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வீடுகளிலிருந்து வரும் நூல்களைத் தரம் பார்த்துப் பிரிக்கலாம். அவற்றுள் ஊரைப் பற்றிய வெளியீடுகளைத் தனி அலமாரியில் வைக்க வேண்டும். அருணகிரிநாதரோடும் ரமணரோடும் பெயர் இணைந்த ஊர் இது. 1896 செப்டம்பரில் வேங்கடராமன் என்ற சிறுவர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது. வந்தவாசிக் கோட்டை, ஆரணிப் பட்டு நெசவு, சாத்தனூர் அணை, ஜவ்வாது மலைப் பழங்குடி வாழ்க்கை, 1989இல் மாவட்டம் உருவானது என்று எழுதப்படவும் சேர்க்கப்படவும் வேண்டியவை ஏராளம். உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்து இந்த ஊரைப் பற்றி நூல் எழுதுகிறார்கள். அந்த நூல்களெல்லாம் ஊரின் பொது நூலகத்தில் ஓரிடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது முன்பனிக்காலத்தின் நல்ல பணி.

யார் செய்வது?

இத்தனையையும் ஒரு நூலகர் தனியே செய்ய முடியாது. அதற்காகத்தான் ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. பல ஊர்களில் அது விழா அழைப்பிதழில் மட்டும் உயிர் பெறுகிறது. உயிரோடு இயங்கினால் என்ன நடக்கும் என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே சான்று உண்டு. வந்தவாசி கிளை நூலக வாசகர் வட்டம், 2021இல் சாகித்ய அகாதெமியின் பாலசாகித்ய புரஸ்கார் பெற்ற கவிஞர் மு.முருகேஷ் போன்றோரின் ஈடுபாட்டால், நூல் அறிமுகம், மாணவர் நிகழ்வுகள் என்று ஆண்டு முழுவதும் தொடர்ந்து இயங்கி அறியப்பட்டது. திருவண்ணாமலை நகருக்கும் இலக்கியக் கூடுகை புதிதன்று. ஆண்டின் கடைசி இரவில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் விடிய விடிய நடத்திய கலை இலக்கிய இரவுகளின் நினைவு இன்னும் பலரிடம் இருக்கிறது. கதை சொல்லலைப் பெருங்கூட்டம் கேட்கும் கலையாக்கிய பவா செல்லதுரையின் ஊர் இது. கேட்பதற்கு மக்கள் இருக்கிறார்கள்; பனியில் அமர்ந்தும் கேட்பார்கள். அந்தக் கூட்டத்துக்கும் நூலக அலமாரிக்கும் இடையே ஒரு பாதை போடுவதுதான் எஞ்சியிருக்கும் வேலை.

கேரளம் அந்தப் பாதையை எப்போதோ போட்டுவிட்டது. 1945இல் பி.என்.பணிக்கரின் முயற்சியால் அம்பலப்புழையில் தொடங்கிய திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம், ஊர்தோறும் மக்களே நடத்தும் நூலகங்களை ஒரு வலையாக இணைத்தது. அந்த நூலகங்களில் குழந்தைகளுக்குத் தனி மன்றம், பெண்களுக்குத் தனி மன்றம் என்று ஏற்பாடுகள் உண்டு. நம்முடையது அரசு நூலகம். அவர்களுடையது மக்கள் நூலகம். நம் முறையில் கட்டடத்துக்கும் ஊதியத்துக்கும் உறுதி இருக்கிறது. அவர்கள் முறையில் ஊரின் உரிமையுணர்வு இருக்கிறது. வாசகர் வட்டம் உயிர் பெற்றால் இரண்டும் ஒருசேரக் கிடைக்கும்.

அரசு செய்ய வேண்டியவை சிலவே. நூலக வரி உரிய காலத்தில் ஆணைக்குழுவுக்கு வந்துசேர்வதை உறுதிசெய்ய வேண்டும். ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும், உயரதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் நூலகரே செலவிடக்கூடிய ஒரு சிறு நிகழ்ச்சி நிதியைத் தர வேண்டும். திருவிழாக் காலப் பணி நேரத்தை உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் உரிமையை அந்தந்த மாவட்டத்துக்கு அளிக்க வேண்டும். அரசு முனைந்தால் முடியும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையின் வெள்ளி விழாவையொட்டி 2024 டிசம்பர் இறுதியில் மாவட்ட மைய நூலகங்களில் திருக்குறள் போட்டிகளும் கண்காட்சியும் நடத்தப்பட்டன. ஒரு வெள்ளி விழாவுக்காகச் செய்ததை ஒவ்வொரு பனிக்காலத்துக்கும், மாவட்டத் தலைநகரைத் தாண்டிக் கிளை நூலகங்கள்வரை செய்ய முடியாதா என்பதே கேள்வி.

வாசகர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை சொத்து வரி செலுத்தும்போது ரசீதில் நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். அந்த ரசீதை எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒரு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள நூலகத்துக்குச் செல்லுங்கள். இந்தப் பனிக்காலத்தில் இங்கே என்ன நிகழ்ச்சி என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்று பதில் வந்தால், பிள்ளைக்கு ஓர் உறுப்பினர் படிவத்தையும் உங்களுக்கு வாசகர் வட்டத்தில் ஓர் இடத்தையும் கேட்டு வாங்குங்கள். மலையில் தீபம் ஏற்ற ஓர் ஊரே நெய் கொடுக்கிறது. நூலகத்தில் விளக்கு எரிய ஓர் ஊரில் பத்துப் பேர் முன்வந்தால் போதும்.